டன் கணக்கும் ஆள் கணக்கும்: முத்துக்கரை வரலாற்றெழுத்துகளை முன்வைத்து

தூத்துக்குடிக்கு ஊர் வரலாறு எழுத உட்காருகிறவர்கள் முதலில் முத்தைத்தான் கையில் எடுக்கிறார்கள். கொற்கை, பாண்டியன், யவனன், அப்புறம் போர்த்துகீசியர், டச்சுக்காரர், வெள்ளைக்காரர், கடைசியாக வ.உ.சி.யின் கப்பல். கோயில் விழா மலர், சங்கத்து ஆண்டு மலர், கல்லூரிக் கருத்தரங்கக் கட்டுரை எதைத் தொட்டாலும் இந்த வரிசை மாறுவதில்லை. சென்னைக்குப் போகிற ராத்திரி ரயிலுக்கே முத்துநகர் என்று பேர் வைத்தாச்சு. தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது 1961-இல். அறுபது வருஷத்துக்கு மேலாக இல்லாத ஒரு பொருளின் பேரில் ஊர் தன்னை அழைத்துக்கொண்டிருக்கிறது. அழைக்கட்டும், அதில் நமக்கொன்றும் நட்டமில்லை. கேட்க வேண்டியது வேறு. அந்த முத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு மேலே கொண்டுவந்தவன் ஒருத்தனுடைய பேராவது இந்த வரலாறுகளில் இருக்கிறதா?

நான் புரட்டிய வரைக்கும் இல்லை. ராசா பேர் இருக்கிறது. பாதிரியார் பேர் இருக்கிறது. சாதித்தலைவர் பேர் பரம்பரை பரம்பரையாக இருக்கிறது. மீன்துறை அதிகாரி பேர் இருக்கிறது. பாருக்குக்கூடப் பேர் உண்டு. தொள்ளாயிரம் பார் என்றால் கடலில் எந்த இடம் என்று கரையில் இன்றைக்கும் சொல்லிவிடுவார்கள். குளியாளிக்கு மட்டும் பேர் இல்லை. இதை ஏதோ மறதி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. எதை எண்ணுவது, எதை எண்ணாமல் விடுவது என்பதில் ஒரு அதிகாரம் வேலை செய்கிறது. அந்தக் கணக்குமுறையைத்தான் இந்தக் கட்டுரை விசாரிக்க நினைக்கிறது.

வெள்ளைக்காரன் காலத்து முத்துக்குளிப்பை எடுத்துக்கொள்வோம். நடுச்சாமத்தில் கரைக்காற்றில் பாய் விரித்துப் படகுகள் பாருக்குப் போகும். விடிந்ததும் குளிப்பு. ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளி. ஒருத்தன் முங்கினால் இன்னொருத்தன் மூச்சு வாங்குவான். கல்லில் காலை வைத்து இறங்கி, அகப்பட்ட சிப்பியைப் பையில் அள்ளிக்கொண்டு கயிற்றை இழுத்தால் மேலே இருக்கிறவன் தூக்கிவிட வேண்டும். ஒரு நிமிஷம், அதுக்குள்ளே எல்லாம் முடிய வேண்டும். மத்தியானத்துக்கு மேல் கடற்காற்றில் படகுகள் திரும்பும். கரையில் கொட்டு என்கிற அடைப்புக்குள் சிப்பியைக் கொட்டி, குளியாளிகளே அதை மூன்று குவியலாகப் பிரிக்க வேண்டும். எது குளியாளிக்கு என்று சர்க்கார் ஆள் கைகாட்டுவான். மூன்றில் இரண்டு சர்க்காருக்கு, ஒன்று குளியாளிக்கு. எந்தக் குவியல் தன்னுடையது என்று முன்கூட்டியே தெரியாததால் பிரிக்கிறவன் ஏமாற்ற முடியாதாம். இந்த ஏற்பாட்டை மெச்சி எழுதியிருக்கிறார்கள். இரண்டு பங்கு எப்படி சர்க்காருடையது ஆனது என்பதை மட்டும் யாரும் கேட்டு எழுதவில்லை.

எத்தனை லட்சம் சிப்பி, ஆயிரம் சிப்பி என்ன விலைக்கு ஏலம் போயிற்று, எத்தனை படகு, எந்த ஊரிலிருந்து எத்தனை குளியாளி என்று எல்லாவற்றுக்கும் அட்டவணை உண்டு. சாதித்தலைவருக்கென்று சர்க்காரே பங்கு ஒதுக்கியதும் எழுத்தில் இருக்கிறது. சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிற கடல்கட்டிக்கு ஒரு காலத்தில் சர்க்கார் படி கொடுத்ததைக்கூடக் குறித்து வைத்திருக்கிறார்கள். மந்திரத்துக்குப் படி கொடுத்த அரசாங்கம் மூச்சுக்கு என்ன கொடுத்தது? காதில் ரத்தம் வந்தவனுக்கு? மேலே வராமலே போனவனுக்கு?

சங்கு குளிப்பில் இன்னும் நேரடி. சங்கு சர்க்காரின் ஏகபோகம். எடுத்துக் கொடுத்தால் சங்குக்கு இத்தனை என்று கூலி. அளவு பார்க்க ஒரு துளைத்தகடு வைத்திருப்பார்கள். துளைக்குள் நழுவி விழுந்தால் அது சின்னச் சங்கு, கூலி கிடையாது, கடலுக்கே திரும்பப் போகும். சங்கு இனத்தைக் காப்பாற்றுகிற ஏற்பாடு என்று விளக்கம். சரி. ஆனால் அந்தச் சங்குக்காக அவன் செலவழித்த மூச்சு? அதை எந்தத் துளையில் போட்டு அளப்பது?

யார் இந்தக் குளியாளிகள்? பரதவர்கள் என்று சட்டென்று பதில் வரும். கீழக்கரை முஸ்லிம்களையும் சேர்த்துச் சொல்லுவார்கள். மூன்றாவதாக ஒரு கூட்டம் உண்டு. 1909-இல் வந்த எட்கர் தர்ஸ்டனின் சாதிகள் தொகுதிகளில் கடையர் என்று ஒரு பதிவு இருக்கிறது. கடையர் என்றால் கடைசியானவர் என்று பொருள் சொல்லி, பள்ளரில் ஒரு பிரிவு என்று காட்டி, சிப்பி பொறுக்கிச் சுண்ணாம்பு சுடுகிறவர்கள், முத்துக்குளிக்கிறவர்களில் ஒரு பகுதி இவர்களிலிருந்து வருகிறார்கள் என்று போகிறார் அவர். மதுரை, திருநெல்வேலிக் கடற்கரைகளில் பெரும்பாலும் கிறித்தவர்கள், பரதவரைப் போலவே சவேரியார் காலத்தில் மதம் மாறியதாகச் சொல்லிக்கொள்கிறார்கள் என்கிறார். சில வரிகள்தான். அடுத்து வேறு சாதிக்குத் தாவிவிடுகிறார்.

இந்தச் சில வரிகளில் எனக்கு இரண்டு விஷயம் உறுத்துகிறது. ஒன்று, பேர். கடை என்ற சொல்லுக்குத் தமிழில் ஓரம், விளிம்பு என்றும் அர்த்தம் இருக்கிறது. கடைக்கண், கடைவாய் என்கிறோம். நிலம் முடிந்து நீர் தொடங்குகிற விளிம்பில் வாழ்ந்தவனை அந்தப் பேரால் அழைத்திருக்கலாம் என்று ஏன் தோன்றவில்லை? தகவல் சொன்ன மேல்சாதிக்காரன் வாயிலிருந்து வந்த அர்த்தம் மட்டும் அச்சில் ஏறியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். இரண்டாவது, இந்தச் சில வரிகள்கூட நம் ஊர் வரலாறுகளுக்குள் வரவே இல்லை. முத்துக்குளித்தவரில் பள்ளரோடு சேர்த்து எண்ணப்பட்ட ஒரு சனம் இருந்தது என்பது முத்தின் பெருமையைக் கொஞ்சம் மங்கச் செய்துவிடும் போலிருக்கிறது.

இங்கே பரதவர் வரலாறு பற்றியும் பேசியாக வேண்டும், நட்பு கெடாமல் பேச வேண்டும். 1530களில் அவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிறித்தவத்துக்குப் போனதும், 1542-இல் சவேரியார் வந்ததும், 1658-இல் ஊர் டச்சுக்காரர் கைக்குப் போனதும், பனிமய மாதா கோயிலும், தங்கத் தேரும் அவர்கள் எழுத்தில் நிறைய இருக்கிறது. ஒடுக்கப்பட்ட ஒரு சமூகம் தன்னை எழுதிக்கொள்வதில் நமக்கு என்ன புகார் இருக்க முடியும்? கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டை வட்டத்திலும் பரவன் என்றால் பட்டியல் சாதி. எல்லை தாண்டித் தூத்துக்குடி வந்தால் இல்லை. ஒரே பேர், ஒரே கடல், சர்க்கார் கோடு மட்டும் வேறு. ஆனால் அவர்களுக்குள்ளேயே மேசைக்காரர், கம்மாரக்காரர் என்ற பிளவு இருந்ததே, அது எத்தனை மலர்களில் பேசப்படுகிறது? படகும் கடையும் வைத்திருந்தவர் ஒரு பக்கம், வலை இழுத்தும் குளித்தும் பிழைத்தவர் மறுபக்கம். மலர்களில் படம் போட்டு வருகிறவர்கள் பெரும்பாலும் முதல் பக்கத்துக்காரர்கள். பரதவர் வரலாறு என்ற தலைப்பில் மேசை வரலாறு வந்துகொண்டிருக்கிறது. அந்த மேசைக்குக் கீழே கம்மாரக்காரர், அவருக்கும் தள்ளி கடையர், கரைக்கு இந்தப் பக்கம் உப்பளத்தில் நம்ம சனம்.

இனி யுத்தத்துக்கு வருகிறேன். கடலில் போன உயிர்களை இந்தக் கணக்குமுறை எப்படி நடத்தியது என்பது அங்கேதான் நன்றாகத் தெரிகிறது.

முதல் உலக யுத்தத்தில் எம்டன் கப்பல் 1914 செப்டம்பர் 22-இல் சென்னையில் குண்டு போட்டது. நம்ம வாயில் அந்தப் பேர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கெட்டிக்காரனை, கில்லாடியை இன்றைக்கும் "அவன் சரியான எம்டன்" என்கிறோம். 1917 பிப்ரவரியில் ஜெர்மன் கப்பல் வோல்ப் கொழும்புக்கு வெளியே போட்டுவிட்டுப் போன கண்ணிவெடிகளில் இரண்டு ஆங்கிலேயக் கப்பல்கள் சிக்கின. பெர்சியஸ், வொர்செஸ்டர்சயர் என்று அவற்றின் பேர் தெரிகிறது. எதிரிக் கப்பலின் பேரைச் சொல்லாக்கி வைத்துக்கொண்ட மொழியில், அந்தக் கடலில் அந்த வருஷங்களில் செத்த ஒரு கலாசியின் பேர்கூடத் தங்கவில்லை. மொழியும் ஒரு ஆவணக்காப்பகம்தான். அங்கேயும் கலாசிக்கு இடம் ஒதுக்கவில்லை.

இரண்டாவது யுத்தம் வந்தபோது முத்துக்குளிப்பே கிடையாது. 1928-க்குப் பிறகு 1955 வரை தூத்துக்குடிப் பார்களில் குளிப்பு நடக்கவில்லை. சங்கு இருந்தது, தோணி இருந்தது, துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை இருந்தது. அப்போது இப்போதைய பெரிய துறைமுகம் இல்லை, அது 1974-இல்தான் பெரிய துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. பழைய துறைமுகத்தில் ஆழம் போதாது. ஆவிக்கப்பல் கரையிலிருந்து அஞ்சாறு மைலுக்கு அப்பால் நங்கூரம் போடும். சரக்கைத் தோணியில் கொண்டுபோய்த்தான் ஏற்ற வேண்டும். கொளும்புக்கும் மற்ற கரைகளுக்கும் நேராகவே பாய்த்தோணிகள் போய்வந்தன. யுத்தத்துக்கு ஆவிக்கப்பல்களைச் சர்க்கார் எடுத்துக்கொண்டபிறகு பாய்த்தோணிக்கு வேலை கூடியது. கூடவே ஆபத்தும் கூடியது.

1942 சனவரி கடைசியில் சென்னைக்கு வெளியே சிந்தியா கம்பெனியின் ஜலதரங், ஜலபாலகா என்ற இரண்டு கப்பல்களை ஜப்பான் நீர்மூழ்கி மூழ்கடித்தது. ஏப்ரல் 5-ஆம் தேதி, ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. 9-ஆம் தேதி திருகோணமலையில். அந்த வாரத்தை எழுதிய ஆங்கிலக் கடற்படை வரலாறுகளைப் பாருங்கள். டார்செட்சயர், கார்ன்வால் என்ற இரண்டு போர்க்கப்பல்களில் செத்தவர் 424 பேர். ஹெர்மெஸ் கப்பலில் 307 பேர். ஒற்றைப்படை வரை தெரிகிறது. அதே நாட்களில் ஓசாவா தலைமையில் வந்த ஜப்பான் கப்பல்கள் வங்காள விரிகுடாவில் வணிகக் கப்பல்களை அடித்துத் தள்ளின. அதற்கு எழுதியிருக்கிற கணக்கு: 23 கப்பல்கள், 1,12,312 டன். மேற்குக் கரைப் பக்கம் நீர்மூழ்கிகள் இன்னும் ஐந்து கப்பல்களை மூழ்கடித்தன: 32,404 டன்.

போர்க்கப்பலுக்கு ஆள் கணக்கு. வணிகக் கப்பலுக்கு டன் கணக்கு. 1,12,312 என்கிறார்களே, அந்தக் கடைசி 12 டன் வரைக்கும் துல்லியமாகத் தெரிந்திருக்கிறது. அதே வாக்கியத்தில் எஞ்சின் அறையில் கரி தள்ளினவனுக்கும் தளத்தைக் கழுவினவனுக்கும் ஒரு எண் கிடைக்கவில்லை. கொட்டில் சிப்பியை எண்ணின அதே கை, அதே கணக்கு.

கலாசிகள் ஒன்றும் கொஞ்சப் பேர் இல்லை. யுத்தம் தொடங்கும்போது ஆங்கிலேய வணிகக் கப்பல்களில் ஏறக்குறைய ஐம்பதாயிரம் இந்தியர்கள் வேலையில் இருந்தார்கள். அந்தக் கப்பல்களின் மொத்த ஆளில் கால்பங்கு. வெள்ளை மாலுமியின் கூலியில் ஏறக்குறைய கால்பங்குதான் இவர்களுக்கு. 1939-இல் யுத்தம் தொடங்கின கையோடு இவர்கள் பல துறைமுகங்களில் வேலைநிறுத்தம் செய்து கூலியை ஏற்றிக்கொண்டார்கள். இதில் பலர் சிறைக்குப் போனார்கள். தூத்துக்குடி என்றால் 1906-இல் பதிவான சுதேசிக் கப்பல் கம்பெனியையும் 1908 கோரல் மில் வேலைநிறுத்தத்தையும் நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிற நமக்கு 1939-இன் கப்பல்காரர் வேலைநிறுத்தம் ஏன் சொந்தமாகவில்லை? அதற்கு ஒரு தலைவர் படம் கிடைக்காததாலா?

செத்தபிறகும் வித்தியாசம் இருந்தது. லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் இரண்டாம் யுத்தத்தில் கடலில் காணாமல்போன சுமார் 24,000 வணிகக்கப்பல் மாலுமிகளின் பேர் வெண்கலத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. இந்திய மாலுமிகளுக்கு வெண்கலம் இல்லை, ஒரு புத்தகம். பம்பாயில் ஒன்று, சிட்டகாங்கில் ஒன்று. கப்பற்படையைச் சேர்ந்த 400-க்கு மேற்பட்டவர்கள், வணிகக் கப்பல்களில் போன ஏறக்குறைய 6,000 பேர். மூடி வைத்தால் தெரியாது, திறந்தால்தான் தெரியும், அதுதான் வெண்கலத்துக்கும் புத்தகத்துக்கும் உள்ள வித்தியாசம். ஆனாலும் அதில் பேர் இருக்கிறது. இப்போது அந்தப் பட்டியலைக் கணினியிலேயே தேட முடிகிறது. நம்ம மாணவர்கள் ஒரு நாலு பேர் உட்கார்ந்து, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டினம், புன்னைக்காயல், தூத்துக்குடி, வேம்பார் என்று ஊரை வைத்துத் தேடலாம். ஊர்வரலாற்று மலர் ஒன்றுக்குச் செலவாகிற காசில் பத்தில் ஒரு பங்கு ஆகாது.

பாய்த்தோணி ஆட்களுக்கு வந்தால் அந்தப் புத்தகமும் எவ்வளவு உதவும் என்று எனக்கு நம்பிக்கையில்லை. இங்கே என் வீட்டுச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்க அம்மையோட அம்மை, ஆச்சி, உப்பளத்தில் உப்பு வாரினவள். அவளுக்கு ஒரு அண்ணன். தோணிக்கு உப்பு மூட்டை சுமக்கிற ஆள். பள்ளக்குடிப் பையன் தோணியில் ஏறி வேலை செய்வதை யாரும் விரும்பிக் கூப்பிட்டுவிடவில்லை. ஒரு நாள் தோணியில் ஒரு ஆள் குறைந்தது, கரையில் இவர் நின்றார், "ஏறுல" என்றார்களாம். அப்படி இரண்டு மூன்று நடை போய்வந்தார். மூட்டை தூக்குவதைவிட நாலு காசு கூட, சாப்பாடும் உண்டு. குண்டு விழுந்த வருஷம் என்று எங்க வீட்டில் ஒரு கணக்கு உண்டு, அம்மையோட வயசைக்கூட அதை வைத்துத்தான் சொல்லுவார்கள். அந்த வருஷம் கொளும்புக்குப் போன தோணி திரும்பவில்லை.

ஆச்சி சொல்லுவாள்: "காத்துல போனானோ குண்டுல போனானோ, கேக்கதுக்கு நமக்கு யாருய்யா இருக்கா? தோணிக்காரரு வீட்டுல தோணி போச்சேன்னு அழுதாவ. நம்ம வீட்டுல ஆளு போச்சேன்னு அழுதோம். ரெண்டு அழுகையும் ஒரே தெருவுக்குக் கேக்காதுல்லா."

தோணிக்காரர் ஆள்விட்டு அரிசியும் கொஞ்சம் பணமும் கொடுத்தனுப்பினார். அதோடு தீர்ந்தது. செத்ததற்குச் சீட்டு இல்லை. பொணம் இல்லாததால் குழி இல்லை. மதினி தாலியை அறுக்கவில்லை. நம்ம சனத்தில் அறுத்துக்கட்டுகிற வழக்கம் உண்டு, கேட்டும் வந்தார்கள். "அவுக வந்து நின்னா நான் என்ன பதில் சொல்ல?" என்று சொல்லிவிட்டாள். புதுத் தோணி வந்து நங்கூரம் போட்டால் கடற்கரைக்குப் போய்த் தண்டலிடம் விசாரிப்பாளாம். ஏழு வருஷம் ஒருத்தனைப் பற்றித் தகவல் இல்லையென்றால் செத்ததாக வைத்துக்கொள்ளலாம் என்று அப்போது நடப்பில் இருந்த 1872-ஆம் வருஷத்துச் சாட்சியச் சட்டம் சொன்னது. இந்தச் சட்டம் ஒன்று இருப்பதை அந்த வீட்டில் யார் போய்ச் சொன்னது? சொல்லியிருந்தாலும் சொத்து இருந்தால்தானே சாவைச் சட்டப்படி நிரூபிக்க வேண்டியிருக்கிறது. 2017-இல் ஒக்கிப் புயலில் காணாமல்போன கன்னியாகுமரி மீனவர் வீடுகளில் இதே ஏழு வருஷப் பேச்சு எழுந்தபோது, செத்துப்போன மதினியை நினைத்துக்கொண்டேன்.

இதை நான் வரலாற்று ஆதாரம் என்று நீட்டவில்லை. மாசம் தெரியாது, தோணியின் பேர் ஆச்சிக்கு மறந்துவிட்டது, காற்றா குண்டா என்பது கடைசிவரை தீரவில்லை. ஆவணம் கேட்கிற பேராசிரியர்கள் இதைத் தள்ளிவிடலாம். ஆனால் அவர்கள் நம்புகிற ஆவணம் எதை எண்ணுவதற்காகத் தயாரானது என்பதை மேலே பார்த்தோம். டன்னை எண்ணத் தயாரான காகிதத்தில் எங்க மாமாவைத் தேடினால் எப்படிக் கிடைப்பார்? கோயில் அடக்கப் புத்தகத்திலும் பொணம் இருந்தால்தான் வரி விழும். கடலில் போன கம்மாரக்காரர் வீடுகளுக்கும் இதே கதிதான். இந்த ஒரு இடத்தில் அவர்களும் நாமும் ஒரே பக்கம் நிற்கிறோம்.

இலக்கியம் இந்த வேலையைச் செய்திருக்கிறதா? கொஞ்சம் செய்திருக்கிறது. வண்ணநிலவனின் ‘கடல்புரத்தில்’ (1977) வல்லத்துக்கும் லாஞ்சிக்கும் இடையே உடைகிற வீட்டைச் சொன்னது. அது கடற்கரையின் மனசைச் சொன்ன நாவல், தொழிலின் கணக்கைக் கேட்ட நாவலாக எனக்குப் படவில்லை. ராஜம் கிருஷ்ணன் மீனவர்களுக்கு ‘அலைவாய்க் கரையில்’, தூத்துக்குடி உப்பளத்துக்குக் ‘கரிப்பு மணிகள்’ என்று நேரில் போய்ப் பார்த்து எழுதினார். வெளியிலிருந்து வந்தவரின் அக்கறையும் அதன் எல்லையும் இரண்டிலும் தெரியும். ஜோ டி குரூஸ் ‘ஆழி சூழ் உலகு’ (2004), ‘கொற்கை’ (2009) எழுதியபிறகுதான் தோணித் தொழிலின் சொற்கள் இலக்கியத்துக்குள் மொத்தமாக வந்தன. கடலில் போகிறவனின் பயத்தையும் திமிரையும் உள்ளிருந்து எழுதியவர் அவர். ஆயிரம் பக்கத்தைத் தாண்டுகிற ‘கொற்கை’யை நான் இரண்டு தடவை வாசித்தேன். துறைமுகத்தைக் கடல் பக்கமிருந்து பார்க்கிற நாவல் அது. உப்பளத்துப் பக்கமிருந்து அதே துறைமுகம் எப்படித் தெரியும் என்பது அதன் கவலை இல்லை. அவரிடம் போய் அதைக் கேட்பது நியாயமும் இல்லை. உப்பளத்துப் பக்கம் ஸ்ரீதர கணேசனின் ‘உப்பு வயல்’ இருக்கிறது, நம்ம ஆள் எழுதியது. அதில் உப்பு இருக்கிறது, கூலி இருக்கிறது, பெண்ணின் வைராக்கியம் இருக்கிறது. அந்த உப்பு மூட்டை தோணி ஏறினபிறகு என்ன ஆனது என்கிற கதையை இனி ஒருத்தர் எழுத வேண்டும்.

நம்ம எழுத்தையும் கொஞ்சம் திருப்பிப் பார்ப்போம். சிவகாமியின் ‘பழையன கழிதலும்’ (1989), பாமாவின் ‘கருக்கு’ (1992), இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ (1994) என்று தலித் எழுத்து தமிழில் வேர்விட்ட வருஷங்களில் வந்ததெல்லாம் நிலம், சேரி, களத்துமேடு, கண்மாய். நிலம்தான் நம்மைக் கட்டிவைத்தது, நிலத்தைத்தான் முதலில் பேச வேண்டியிருந்தது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதனால் என்ன ஆயிற்று என்றால், தலித் என்றால் வயல்காட்டு ஆள் என்று நாமே நம்பத் தொடங்கிவிட்டோம். தட்டப்பாறை முகாமில் அடைத்துவைத்துத் தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குக் கப்பல் ஏற்றிய தேயிலைத் தோட்டத்துக் கூலிகளில் நம்ம சனம் எத்தனை பேர்! மூட்டை சுமந்தவர், சிப்பி சுட்டவர், முத்துக்குளித்தவர்! கடல் அவர்களுக்குச் சொந்தமில்லை, நமக்கு வேண்டாம் என்று விட்டுவிட்டோம். தர்ஸ்டன் சில வரியில் தாண்டிப்போனது போலத்தான் நாமும் தாண்டிப்போயிருக்கிறோம்.

சமீபத்தில் ஒன்று நடந்தது. தேவேந்திரகுலத்தான், கடையன், காலாடி, குடும்பன், பள்ளன், பண்ணாடி, வாதிரியான் என்ற ஏழு பேரையும் ஒரே பேருக்குள், தேவேந்திரகுல வேளாளர் என்று, 2021-இல் நாடாளுமன்றம் சட்டம் போட்டுக் கொண்டுவந்தது. அந்தச் சட்டத்தில் கடையன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு விலக்கு இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம், புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டங்களின் கடற்கரைப் பகுதியில் உள்ள கடையர் இந்தப் புதுப் பேருக்குள் இல்லை. அவர்கள் பழைய பேரிலேயே தனியாக நிற்கிறார்கள். பேர் மாற்றத்தை வரவேற்றும் எதிர்த்தும் அப்போது எவ்வளவோ கூட்டம், எவ்வளவோ அறிக்கை. வேளாளர் என்ற சொல் வேண்டுமா வேண்டாமா என்று நம் தோழர்களே இரவெல்லாம் சண்டை போட்டார்கள். கடற்கரைக் கடையர் ஏன் வெளியே, அவர்களுக்கு என்ன பேர் வேண்டும் என்று அவர்களைப் போய்க் கேட்ட ஒரு அறிக்கையை நான் வாசித்ததில்லை. உள்ளே வர அவர்களுக்கே விருப்பமில்லை என்றால் அது ஏன் என்றும் எழுதலாமே. வேளாண்மை என்று பேர் எடுத்தபோது கடல் வெளியே போய்விட்டது. தற்செயலாக இருக்கலாம், எனக்கு அப்படிப் படவில்லை.

போன வருஷம் நவம்பர் 2, சகல ஆத்துமாக்கள் திருநாள் அன்று, கடற்கரையில் ஒரு கல்லறைத் தோட்டத்துக்குப் போயிருந்தேன். நான் கிறித்தவன் இல்லை, கூட வந்த நண்பர் கம்மாரக்கார வீட்டுப் பிள்ளை. குழிகளுக்கு மெழுகுவத்தியும் பூவும் வைத்துவிட்டு, அவருடைய அம்மை ஒரு மெழுகுவத்தியை மட்டும் தனியாக, எந்தக் குழிக்கும் இல்லாமல், சுவர் ஓரமாகக் கொளுத்தி வைத்தாள். யாருக்கு என்று கேட்டேன். "எங்க ஐயாவோட தம்பிக்கு. சங்கு குளிக்கப் போனவுக" என்றாள். பேரைக் கேட்டு என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்த நோட்டில் அது இரண்டாவது பேர். முதல் பக்கத்தில் ஆச்சியின் அண்ணன் இருக்கிறார். பேர், தகப்பன் பேர், ஊர், செய்த வேலை வரை எழுதியாச்சு. தோணியின் பேர் என்ற இடமும் தேதி என்ற இடமும் காலியாகக் கிடக்கின்றன.